தத்ரூபம் வேறு, யதார்த்தவாதம் வேறு

கேள்வி இதுதான்: "பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியத்தில் ரியலிசம் என்று ஒரு பெரிய இயக்கம் இருந்ததாகப் படித்தேன். உள்ளதை உள்ளபடி வரைவது எல்லாக் காலத்திலும் நடந்ததுதானே, அதற்கு எதற்கு ஒரு இயக்கம்? அதன் தலைவர் என்று சொல்லப்படும் கூர்பேயின் படங்களைத் தேடிப் பார்த்தேன். ரவி வர்மா படங்களில் இருக்கும் நேர்த்திகூட அவற்றில் இல்லையே?"

கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. ஒரு படத்தைப் பார்த்ததும் நம் வாயில் முதலில் வரும் சொல் "தத்ரூபம்". பட்டுச்சேலையின் சரிகை மின்னினால், கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தால், அப்படியே தத்ரூபமாக இருக்கிறது என்கிறோம். அதையே "ரியலிஸ்டிக்" என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். பிறகு வரலாற்றுப் புத்தகத்தில் "ரியலிசம்" என்ற பெயர் வந்தவுடன், அச்சு அசலாக வரையும் திறமையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்போடு கூர்பேயிடம் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தத்ரூபம் கையின் திறமையைப் பற்றிய சொல். ரியலிசம், அதாவது யதார்த்தவாதம், வேறொரு கேள்வியைக் கேட்டது: யாரை வரைவது, எவ்வளவு பெரிதாக வரைவது?

ரவி வர்மாவையே எடுத்துக்கொள்வோம். அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தைல வண்ணத்தில் தோலையும் துணியையும் நகையையும் அவர் கையாண்ட விதம் அபாரம். ஆனால் அவர் பின்பற்றியது ஐரோப்பிய அகாடமி ஓவியர்களின், அதாவது அரசு ஆதரவு பெற்ற கலைக்கழகங்களின் மரபில் வந்தவர்களின், வழி. காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை, அன்னத்தோடு பேசும் தமயந்தி என்று அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை பெரும்பாலும் புராண, காவியக் காட்சிகள். கண்ணால் காணாத ஒன்றைக் கண்டதுபோல் நம்பவைப்பதே அந்த வழியின் சாதனை. பிரான்சில் ரியலிசம் எதிர்த்து நின்றது சரியாக இந்த வழியைத்தான்.

1863-ல் பாரிஸ் கண்காட்சியில் அலெக்சாந்தர் கபானெல் வைத்த "வீனஸின் பிறப்பு" என்ற படத்தைப் பாருங்கள். ஒரு பெண் கடல் அலைமேல், மெத்தையில் படுத்திருப்பதுபோல் சாய்ந்திருக்கிறாள். மேலே சிறகு முளைத்த குழந்தைகள் சங்கு ஊதிக்கொண்டு பறக்கிறார்கள். தோலில் ஒரு தூரிகைத் தடம் கிடையாது, பளிங்குபோல் வழவழப்பு. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அந்தப் படத்தைத் தாமே வாங்கிக்கொண்டார். தத்ரூபம்தான் அளவுகோல் என்றால் கபானெல் கூர்பேயைவிட ஒரு படி மேல். ஆனால் அலைமேல் படுத்த பெண்ணை யார் பார்த்தது? கூர்பே 1861-ல் மாணவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் பேசினார்: ஓவியம் கண்ணுக்கு எதிரே இருக்கிற பொருள்களைக் காட்டும் கலை, இல்லாததும் காண முடியாததும் அதன் எல்லைக்குள் வராது. தேவதையை வரையச் சொன்னவர்களிடம், ஒரு தேவதையைக் காட்டுங்கள், வரைகிறேன் என்று அவர் பதில் சொன்னதாகவும் சொல்வார்கள்.

இது ஏன் அவ்வளவு பெரிய கலகமாகத் தெரிந்தது என்று புரிய, அன்றைய பிரான்சில் ஓவியம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். ஓவியத்திலும் சாதி அடுக்கு மாதிரி ஒன்று இருந்தது. உச்சியில் "வரலாற்று ஓவியம்": பைபிள், கிரேக்க ரோமானியக் கதைகள், மன்னர்களின் வெற்றிகள். அதற்குக் கீழே உருவப்படம். அப்புறம் அன்றாட வாழ்க்கைக் காட்சிகள், அதற்கும் கீழே இயற்கைக் காட்சி, கடைசியில் பூவும் பழமும் பாத்திரமும். இந்த வரிசை படத்தின் அளவையும் தீர்மானித்தது. ழாக் லூயி தாவீது என்ற ஓவியர் வரைந்த நெப்போலியன் முடிசூட்டு விழா ஏறத்தாழ 32 அடி அகலம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, பேரரசருக்கு அந்த அளவு தகும். ஒரு குடியானவன் அடுப்படியில் உட்கார்ந்து சூப் குடிப்பதை வரையலாமா? தாராளமாக வரையலாம். ஆனால் கையகலத்தில், வரவேற்பறைச் சுவரில் மாட்டும் அளவில், பார்ப்பவர் முகத்தில் ஒரு புன்னகை வருகிற மாதிரி வரைய வேண்டும்.

இந்த ஒழுங்கைக் காத்தது "சலோன்" என்ற அரசுக் கண்காட்சி. ஒரு ஓவியர் பிழைக்க வேண்டுமானால் அவர் படம் அங்கே தொங்க வேண்டும். அங்கே தொங்க வேண்டுமானால் நடுவர் குழு ஒப்ப வேண்டும். அந்தக் குழுவின் ரசனை அகாடமியின் ரசனை. எல்லாம் ஒரே சங்கிலி.

1848-ல் சங்கிலி கொஞ்சம் தளர்ந்தது. பிப்ரவரிப் புரட்சியில் லூயி பிலிப் அரசர் பதவியிழந்தார். குடியரசு வந்தது, எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வந்தது. அதுவரை சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை ஒரே வீச்சில் 90 லட்சத்தைத் தாண்டியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்த 90 லட்சத்தில் பெரும்பான்மை கிராமத்து விவசாயிகள். அந்த ஆண்டு சலோனில் நடுவர் குழுவே இல்லை, அனுப்பிய படமெல்லாம் சுவரேறின.

அடுத்த ஆண்டு, 1849-ல், ஒரு சின்ன நிகழ்ச்சி நடந்தது. குஸ்தாவ் கூர்பே என்ற 30 வயது ஓவியருக்கு "ஓர்னானில் உணவுக்குப் பின்" என்ற படத்துக்காகத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைவிட முக்கியமானது அதோடு வந்த சலுகை: இனி அவர் படங்கள் நடுவர் குழு முன்னால் போக வேண்டியதில்லை, நேரே உள்ளே வரும். கூர்பே ஊருக்குப் போனார். ஸ்விட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், லூ ஆற்றங்கரையில், சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த ஓர்னான் என்ற சிற்றூர். வசதியான விவசாயக் குடும்பம். அங்கே உட்கார்ந்து அவர் வரைந்த படங்களை வேறு எந்த வழியிலும் சலோனுக்குள் கொண்டுவந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

முதல் படம் "கல் உடைப்பவர்கள்". ஒருநாள் வண்டியில் போகும்போது சாலையோரம் இரண்டு பேர் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். வறுமையின் இவ்வளவு முழுமையான உருவம் கண்ணில் படுவது அரிது என்று தோன்றியது. மறுநாள் தம் அறைக்கு வரும்படி அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். நண்பர் பிரான்சிஸ் வேக்கு எழுதிய கடிதத்தில் அந்த இருவரையும் அவர் விவரிக்கும் இடம் படத்தைப் போலவே கனமானது. எழுபது வயதுக் கிழவர். வெயிலில் கறுத்த தோல், வைக்கோல் தொப்பியின் நிழலில் முகம், ஒட்டுப்போட்ட முரட்டுத்துணிக் கால்சட்டை. வெடித்துப்போன மரக்கட்டைச் செருப்புக்குள் ஒருகாலத்தில் நீல நிறமாக இருந்த காலுறை, அதன் ஓட்டை வழியே குதிகால். பின்னால் ஓர் இளைஞன், கிழிந்த சட்டைக்கு வெளியே விலாவும் கையும் தெரிய, உடைத்த கல்லைக் கூடையில் தூக்கிக்கொண்டிருக்கிறான். இந்தத் தொழிலில் இளைஞனைப்போலத் தொடங்கிக் கிழவரைப்போல முடிகிறார்கள் என்று கூர்பே எழுதுகிறார். எனக்குத் தெரிந்து ஓர் ஓவியர் தம் படத்தைப் பற்றி எழுதியதில் இதைவிட உண்மையான வரி இல்லை.

இப்போது படத்தைப் பாருங்கள். இருவர் முகமும் நமக்குத் தெரியாது. கிழவரின் முகத்தைத் தொப்பி மறைக்கிறது, இளைஞன் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான். நம் கண்ணைப் பார்த்து இரக்கம் கேட்க அவர்களுக்கு நேரமில்லை, வேலை இருக்கிறது. பின்னால் குன்றின் சரிவு ஏறத்தாழ மொத்தப் படத்தையும் அடைத்துக்கொள்கிறது. வலது மேல் மூலையில் மட்டும் துளி வானம். ஓரத்தில் ஒரு பாத்திரம், கரண்டி, ரொட்டி: மதியச் சாப்பாடு. ஆட்கள் கிட்டத்தட்ட ஆளுயரம். படம் எட்டரை அடி அகலம். கூர்பே கல்லையும் துணியையும் தோலையும் ஒரே மாதிரி தடித்த வண்ணத்தில் அப்பியிருக்கிறார். பாறை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கெட்டியாகத் துணியும் நிற்கிறது. நேர்த்தி இல்லையே என்று நீங்கள் கேட்டது இதைப் பார்த்துத்தான் என்றால், நீங்கள் சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். பளிங்குத் தோலைப் பூசும் தூரிகையால் இந்தச் சட்டையை வரைந்திருந்தால் அது பொய்யாகிப்போயிருக்கும்.

அவர் வரையும் முறையும் அதற்கு ஏற்றதுதான். வெள்ளைத் துணியில் தொடங்காமல் இருண்ட அடிப்பூச்சில் தொடங்குவார். இருளிலிருந்து வெளிச்சத்தை ஒவ்வொன்றாக மேலே எடுப்பார். தூரிகை போதாதபோது, வண்ணம் குழைக்கும் கத்தியை எடுத்துக் கொத்தனார் சாந்து பூசுவதுபோல் இழுப்பார். பாறையும் பனியும் அலையும் வரைந்த பிற்காலப் படங்களில் இந்தக் கத்தி வேலை உச்சத்துக்குப் போகிறது.

இரண்டாவது படம்தான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது: "ஓர்னானில் ஓர் அடக்கம்". உயரம் 315 சென்டிமீட்டர், அகலம் 668. அதாவது ஏறத்தாழ 22 அடி அகலம். இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினித் திரையில் பார்த்தால் கறுப்பு உடையில் ஒரு கும்பல், அவ்வளவுதான். நேரில் முன்னால் போய் நின்றால் அந்தக் கும்பலில் நாமும் ஓர் ஆள். படத்தின் கீழ் விளிம்பில், நடுவில், புதைகுழி வெட்டப்பட்டிருக்கிறது. அதன் பாதி சட்டத்துக்கு வெளியே வருவதுபோல், நம் காலடியை நோக்கித் திறந்திருக்கிறது. குழியின் அந்தக் கரையில் ஊர் நிற்கிறது. இந்தக் கரையில் நாம்.

இடமிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். வெள்ளைத்துணி போர்த்திய சவப்பெட்டியை அகலமான தொப்பி அணிந்த ஆட்கள் சுமந்து வருகிறார்கள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி. பங்குச் சாமியார் புத்தகத்தைப் பார்த்துச் செபம் வாசிக்கிறார். பீடச் சிறுவர்கள் இருவர், அவர்களில் ஒருவன் அண்ணாந்து யாரையோ பார்க்கிறான், எந்த ஊர்ச் சாவிலும் சிறுபிள்ளைகள் இருப்பதுபோல. குழி வெட்டியவர் ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருக்கிறார். செபம் முடிந்தால் மண் தள்ளிவிட்டுப் போகலாம். சிவப்பு அங்கி போட்ட கோயில் சேவகர் இருவர், குளிராலோ குடியாலோ சிவந்த மூக்கோடு. 1793-ன் பெரும்புரட்சிக் காலத்து உடையில் இரண்டு கிழவர்கள். வலப்புறம் பெண்கள், கைக்குட்டையை வாயில் பொத்தியபடி. அவர்களில் கூர்பேயின் தாயும் தங்கைகளும் உண்டு. முன்னால் ஒரு வெள்ளை நாய், எதிலும் சேராமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள், எல்லோரும் உண்மையான ஊர்க்காரர்கள். நகராட்சித் தலைவர் முதல் திராட்சைத் தோட்டத் தொழிலாளி வரை ஒவ்வொருவராக வந்து கூர்பே முன்னால் நின்றுவிட்டுப் போனார்கள். படத்தில் தாமும் இருக்க வேண்டும் என்று ஊரே ஆசைப்பட்டது. இடது ஓரத்தில் நிற்கும் கிழவர் கூர்பேயின் தாத்தா, படம் தொடங்கும் முன்பே 1848-ல் இறந்துவிட்டவர். பேரன் அவரை ஊராரோடு சேர்த்து நிறுத்தியிருக்கிறார்.

இறந்தவர் யார்? படம் சொல்லவில்லை. பெட்டியின் மேல் ஒளி இறங்கவில்லை. ஆன்மா மேலே போவதாக ஒரு சின்ன அடையாளம்கூட இல்லை. பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) ஒன்று மட்டும் தலைகளுக்கு மேலே உயர்ந்து, பாறைகளுக்குப் பின்னால் தெரியும் மங்கிய வானத்தில் தனியாக நிற்கிறது. கிரேக்க வீரனோ புனிதரோ இறந்தால், படத்திலுள்ள அத்தனை கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கும். இங்கே ஆளுக்கு ஒரு பக்கம் பார்க்கிறார்கள். சாவு வீட்டில் நின்றவர்களுக்கு இது தெரியும். துக்கம் ஒருபக்கம், கால்வலி ஒருபக்கம், அடுத்த வேலை ஒருபக்கம். எல்லாம் சேர்ந்துதான் அங்கே நிற்கிறோம். அதை 22 அடி அகலத்தில் அதற்கு முன் யாரும் வரைந்ததில்லை.

1850 டிசம்பர் இறுதியில் சலோன் திறந்தபோது பாரிஸ் கொதித்தது. விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் "அசிங்கம்". வேண்டுமென்றே அழகற்ற முகங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்றார்கள். கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. முன்னே சொன்ன வாக்குரிமையை நினைத்துப் பாருங்கள். 1850 மே மாதம்தான் ஒரு சட்டம் கொண்டுவந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்களை, முக்கியமாக ஏழைகளை, பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில், மன்னர்களுக்கு ஒதுக்கிய அளவில், கிராமத்தார்கள் கூட்டமாக வந்து பாரிஸ் மண்டபத்தின் சுவரில் நிற்கிறார்கள். யாரிடமும் எதையும் கெஞ்சவில்லை, சும்மா நிற்கிறார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. படத்தில் அரசியல் முழக்கம் ஏதும் கிடையாது. ஆனாலும் புரூதோன் போன்ற சோசலிசச் சிந்தனையாளர்கள் கூர்பேயைக் கொண்டாடியதும், மற்றவர்கள் அவரைக் கலகக்காரர் என்றதும் அதனால்தான்.

"ரியலிஸ்ட்" என்பது அப்போது ஒரு வசைச்சொல். கூர்பே அதை எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார். 1855-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது "அடக்கம்" படத்தையும், "ஓவியரின் பணியறை" என்ற புதிய பெரிய படத்தையும் நடுவர்கள் மறுத்தார்கள். வேறு பல படங்களை ஏற்றிருந்தார்கள், ஆனால் அவருக்கு அது போதவில்லை. புரவலர் அல்ஃபிரெட் புருயாஸின் உதவியோடு, கண்காட்சிக்குப் பக்கத்திலேயே தனிக் கொட்டகை போட்டு, "ரியலிசம்" என்று பலகை மாட்டி, கட்டணம் வைத்துத் தம் படங்களைக் காட்டினார். அதற்கான சிறு பட்டியல் நூலின் முன்னுரையில், ரியலிஸ்ட் என்ற பட்டம் தம் மேல் திணிக்கப்பட்டது என்றும், தம் காலத்தின் பழக்கவழக்கங்களையும் கருத்துகளையும் தோற்றத்தையும் தம் பார்வையில் காட்டி உயிருள்ள கலையை உண்டாக்குவதே நோக்கம் என்றும் எழுதினார். கூட்டம் பெரிதாக வரவில்லை. ஆனால் முற்றிலும் வேறு பள்ளியைச் சேர்ந்த மூத்த ஓவியர் தெலக்ருவா வந்தார், ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியாக நின்று பார்த்தார், அவர்கள் மறுத்தது ஒரு மகத்தான படைப்பு என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அகாடமியின் வாசலைத் தட்டாமல் ஓவியரே தனிக் கண்காட்சி போடலாம் என்ற வழக்கம் பரவியதில் இந்தக் கொட்டகைக்குப் பெரும் பங்கு உண்டு.

"ஓவியரின் பணியறை" எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. அதன் துணைத்தலைப்பில் கூர்பேயே அதை "உண்மை உருவகம்" என்கிறார். உருவகமே வேண்டாம் என்று கிளம்பியவர் நடுவில் தம்மை உட்காரவைத்து, ஒருபக்கம் நண்பர்கள், மறுபக்கம் சமூகத்தின் வகைமாதிரிகள் என்று அடுக்கியிருக்கிறார். தம்மைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொள்வது அவருடைய சுபாவம். ஆனால் அந்தச் சுபாவம் இல்லாத ஒருவர் 22 அடி அகலத்தில் ஓர் ஊரை வரையத் துணிந்திருப்பாரா என்றும் தோன்றுகிறது.

அடுத்துப் பேச வேண்டியவர் ழான் பிரான்சுவா மில்லே. நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் 1814-ல் பிறந்து, வயல்வேலை செய்து வளர்ந்தவர். 1849-ல் பாரிஸை விட்டு பார்பிஸோன் என்ற சிற்றூருக்குக் குடிபோய், கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். கூர்பேயின் முரட்டுத்தனம் இவரிடம் இல்லை, குரலைத் தாழ்த்திப் பேசுபவர்.

1857-ல் அவர் காட்சிக்கு வைத்த "கதிர் பொறுக்கும் பெண்கள்" உங்கள் கண்ணில் எங்காவது பட்டிருக்கும். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரை ஏழைகள் பொறுக்கிக்கொள்வது பழைய உரிமை. பைபிளில் போவாஸின் வயலில் ரூத் செய்தது அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் மில்லே "ரூத்தும் போவாஸும்" என்று நினைத்தே ஓர் அறுவடைப் படத்தை வரைந்து, பிறகு பெயரை "அறுவடைக்காரர்களின் ஓய்வு" என்று மாற்றியிருந்தார். இந்தப் படத்தில் ரூத்தும் இல்லை, கருணை காட்டும் போவாஸும் இல்லை. மூன்று பெண்கள் மட்டும். இருவர் முற்றாகக் குனிந்திருக்கிறார்கள். மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள், அல்லது இனிமேல் குனியப்போகிறாள். இடதுபுறம் நீலத் தலைத்துணி கட்டியவளின் ஒரு கை தரையில், மறு கை மடங்கி முதுகின் மேல், அதில் பொறுக்கிய கொஞ்சம் கதிர். நடவு வயலில் அல்லது களைவயலில் குனிந்து வேலை செய்தவர்களைக் கேளுங்கள், அந்தக் கை ஏன் முதுகுக்குப் போகிறது என்று சொல்வார்கள்.

அவர்களுக்குப் பின்னால், வெகுதூரத்தில், பொன்னிற வெளிச்சத்தில் மலைமலையாகக் கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, ஆள்கூட்டம், குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளர். அவ்வளவு விளைச்சலும் அங்கே. இங்கே விரல் நுனியில் ஒற்றைக் கதிர். மில்லே வாதாடவில்லை, தூரத்தை மட்டும் வரைந்தார். அதற்கே ஒரு விமர்சகர், அந்தப் பெண்களுக்குப் பின்னால் கலகக்காரர்களின் ஈட்டிகளும் 1793-ன் கொலைமேடைகளும் தெரிவதாக எழுதினார். மில்லே அரசியல் பேசுபவரே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அவருடைய "மாலைச் செபம்" பின்னாளில் கிட்டத்தட்ட எல்லாக் கத்தோலிக்க வீட்டுச் சுவரிலும் ஏறியது. மில்லே 1875-ல் இறந்தார். 1890-ல் அந்தப் படம் 8 லட்சம் பிராங்குக்குக் கைமாறியது, ஓவியரின் குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை. படம் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு சேர வேண்டும் என்று பிரான்ஸ் 1920-ல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கான வாதங்களில் மில்லேயின் கதை அடிபட்டுக்கொண்டே இருந்தது.

ஓனோரே தோமியே இந்த இருவருக்கும் மூத்தவர், பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். அரசரைக் கேலி செய்து வரைந்ததற்காக 1832-ல் சிறைக்குப் போனவர். கல்லச்சில் நாலாயிரம் படங்கள் அளவுக்குச் செய்தார். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1834 ஏப்ரலில் பாரிஸின் டிரான்ஸ்னோனென் தெருவில் படையினர் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். தோமியே துப்பாக்கியையும் படையினரையும் வரையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்த அறை: கலைந்த படுக்கை, கவிழ்ந்த நாற்காலி, இரவுச் சட்டையோடு தரையில் கிடக்கும் தகப்பன், அவன் உடம்புக்கு அடியில் குழந்தை. காவல்துறை கைக்குக் கிடைத்த பிரதிகளைப் பறிமுதல் செய்தது. கூர்பேக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னாலேயே, மெலிந்த ஒரு தாளில், யதார்த்தவாதம் வந்துவிட்டது என்பேன். அவருடைய தைல ஓவியமான "மூன்றாம் வகுப்புப் பெட்டி" பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்மூடாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவியை நாம் எல்லா ரயிலிலும் பார்த்திருக்கிறோம்.

பிரான்சுக்கு வெளியே இந்த நெருப்பு பெரிதாகப் பிடித்தது ரஷ்யாவில். 1863-ல் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் தங்கப் பதக்கப் போட்டிக்குக் கொடுத்த தலைப்பு, வட ஐரோப்பியப் புராணத்தில் வரும் வல்ஹாலா என்ற மண்டபத்தில் தேவர்களின் விருந்து. ரஷ்ய மாணவனுக்கும் அந்தத் தேவர்களுக்கும் என்ன உறவு? பதினான்கு மாணவர்கள் அதை வரைய மறுத்து வெளியேறினார்கள். அந்த உணர்விலிருந்து 1870-ல் "பெரெத்விஷ்னிகி" என்ற ஊர்சுற்றும் ஓவியர் சங்கம் உருவானது. தலைநகரங்களோடு நிற்காமல் ஊர் ஊராகப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

இலியா ரேப்பினின் "வோல்கா படகிழுப்போர்" அந்தக் காலத்துப் படம்தான். 1873-ல் முடித்தார். நெவா ஆற்றில் உல்லாசமாக வந்த கூட்டத்துக்கு நடுவே, கந்தலுடையில் படகை இழுத்துப்போனவர்களைக் கண்டு அதிர்ந்துபோய், பிறகு வோல்காவுக்கே போய் அவர்களோடு பழகி வரைந்தது. பதினொரு பேர், மார்பில் வார். முன்னால் இழுப்பவர் கானின், ஒருகாலத்தில் பாதிரியாராக இருந்தவர். நடுவில் ஒரு பையன் மட்டும் வாரை விலக்கிக்கொண்டு தலையை நிமிர்த்துகிறான், இன்னும் பழகாதவன். கூர்பே கல் உடைப்பவர்களின் முகத்தை மறைத்தார். ரேப்பின் பதினொரு பேருக்கும் பதினொரு முகம் கொடுத்தார். இரண்டும் யதார்த்தவாதம்தான், இரண்டும் சரிதான்.

ஜெர்மனியில் மென்சல் இரும்பு உருட்டாலையின் அனலை வரைந்தார். அமெரிக்காவில் ஏக்கின்ஸ் 1875-ல் ஓர் அறுவைச் சிகிச்சைக் கூடத்தை, மருத்துவரின் கையிலுள்ள ரத்தத்தோடு வரைந்து எல்லோரையும் திடுக்கிடவைத்தார். இதெல்லாம் தனித்தனியே பேச வேண்டியவை.

புகைப்படம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1839-ல் டாகேர் முறை என்ற புகைப்பட முறை வெளியான பிறகு, முகத்தை அப்படியே பதிவுசெய்ய ஓவியர் தேவையில்லை என்ற நிலை மெல்ல வந்தது உண்மை. ஆனால் அன்றைய கேமராவால் ஒரு கூட்டத்தையோ சம்மட்டி ஓங்கிய கையையோ எளிதில் பிடிக்க முடியாது, ஆள் அசையாமல் நிற்க வேண்டும். அதனால் புகைப்படத்தோடு போட்டி போட ரியலிசம் பிறந்தது என்ற விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. 1848-ன் வீதிகள்தான் அதன் தாய்வீடு.

கூர்பேயின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1871-ல் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து அமைத்த பாரிஸ் கம்யூன் ஆட்சியில் அவர் பங்கெடுத்தார். நெப்போலியனின் போர் வெற்றிகளுக்காக எழுப்பிய வான்தோம் தூண் அந்த ஆண்டு மே 16 அன்று சாய்க்கப்பட்டது. கம்யூன் வீழ்ந்ததும் பழி அவர் தலையில் விழுந்தது. ஆறு மாதச் சிறை. பிறகு தூணைத் திரும்ப நிறுத்தும் செலவு 3,23,000 பிராங்கை அவரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. 1873-ல் ஸ்விட்சர்லாந்துக்குப் போனவர் திரும்பவில்லை. ஆண்டுக்கு 10,000 பிராங்க் என்று தவணை போட்டார்கள். முதல் தவணைக்கு முந்தைய நாள், 1877 டிசம்பர் 31 அன்று, 58 வயதில் இறந்துபோனார்.

"கல் உடைப்பவர்கள்" படத்தை 1904-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகம் வாங்கியது. 1945 பிப்ரவரியில், போருக்குப் பயந்து பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகும் வழியில், 154 ஓவியங்கள் ஏற்றிய வண்டி குண்டுவீச்சில் சிக்கியது. அதில் அந்தப் படமும் போயிற்று. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் கூர்பே வரைந்த சிறிய வடிவம் ஒன்று இருக்கிறது. எட்டரை அடி அகல மூலத்தை இனி யாரும் பார்க்க முடியாது. நீங்கள் தேடிப் பார்த்த அந்தப் படமும் புகைப்படமாகத்தான் இருந்திருக்கும். இன்னொரு முறை திறந்து, திரையில் பெரிதாக்கி, கிழவரின் இடுப்புக்குக் கீழே வாருங்கள். செருப்புக்கு மேலே, ஓட்டைக் காலுறையும் குதிகாலும் இருக்கும்.